சவுண்டு வீட்டுக்காரர்கள் போகும் இடம்

சனிக்கிழமை விடிந்தால் டென்ட்டைத் தோளில் மாட்டிக்கொண்டு மலையேறிவிடுகிற நம் கூட்டத்துக்குள் ஓயாத சண்டை ஒன்று உண்டு. எந்த இடம் அமைதி? போன மாதமும் நம் வாட்ஸ்அப் குழுவில் அதுதான் ஓடியது. ஒருவர் வால்பாறைப் பக்கம் என்றார், இன்னொருவர் கொல்லிமலை என்றார். கடைசியில், முன்னொரு தடவை பக்கத்துக் கூடாரத்தில் ஸ்பீக்கர் வைத்துப் பாட்டுப் போட்டவனை எல்லோரும் சேர்ந்து திட்டினோம். நானும் திட்டினேன். திட்டி முடித்துப் போனைக் கீழே வைத்ததும் எனக்கு அந்த ஸ்பீக்கர்காரன் மேல் பொறாமையாக இருந்தது. சிரிக்காதீர்கள். நமக்கெல்லாம் முப்பது தாண்டிவிட்டது, பாறையில் உட்கார்ந்து எழுந்தால் முட்டி சத்தம் போடுகிறது. இந்தப் பொறாமை எங்கிருந்து வந்தது என்பதை இப்போதாவது சொல்லிவிட வேண்டும்.

அல்லிநகரத்தில் எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். எங்கள் பக்கம் அந்தச் சுவரில் அஞ்சறைப்பெட்டியும் காலண்டரும் இருந்தன. அவர்கள் பக்கம் ஆம்ப்ளிஃபயர்களும் ஒயர்ச் சுருள்களும் குழாய் ஸ்பீக்கர்களும் அடுக்கியிருந்தன. அந்த வீட்டு மாமா சவுண்டு சர்வீஸ் வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, ஊர்ப்பொங்கல், எதுவானாலும் அவருடைய குழாய்கள்தான் வேப்பமரத்தில் ஏறும். ஒவ்வொரு குழாயின் முதுகிலும் பச்சை பெயிண்டில் ஒரு கிளி வரைந்திருப்பார். விசேஷத்துக்கு அனுப்புவதற்கு முன்னால் வீட்டு வாசலிலேயே ஒவ்வொன்றையும் போட்டுப் பார்ப்பார். "அலோ... அலோ... மைக் டெஸ்டிங்..." என்று அவர் தொடங்கினால் எங்கள் வீட்டு டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக்கொள்ளும்.

விசேஷமே இல்லாத நாளிலும் அந்த வீட்டில் எந்நேரமும் ஏதாவது ஒரு பெட்டி பாடிக்கொண்டிருக்கும். அதற்கு மேலே அத்தையின் குரல். மாமாவின் சம்சாரத்தை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். "ஏங்க, குழம்புல உப்பு போட்டேனா இல்லையா?" என்று அத்தை கேட்டால் தெருமுனை டீக்கடை வரைக்கும் கேட்கும். "போட்டுட்டதா நேத்தே சொன்னியே!" என்று மாமா கத்துவார். பிறகு ரெண்டு பேரும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு சுவரைத் தாண்டி எங்கள் அடுப்படிக்குள் வந்து, கேட்பாரில்லாமல் நிற்கும்.

எங்கள் வீட்டில் சண்டை கிடையாது. அதை அப்பா பெருமையாகச் சொல்வார். சண்டை மட்டுமல்ல, பேச்சும் அவ்வளவாகக் கிடையாது. அப்பா அரசு அலுவலகம் ஒன்றில் கிளார்க். சாயங்காலம் வருவார், கால் கழுவுவார், பேப்பரை விரிப்பார். சாப்பிடும்போது டம்ளரைத் தட்டுக்கு வலப்பக்கம் நகர்த்தினால் மோர் வேண்டும் என்று அர்த்தம், இடப்பக்கம் நகர்த்தினால் போதும். அம்மாவுக்கு அது கண்ணை மூடிக்கொண்டாலும் தெரியும். நானும் பள்ளிக்கூடத்துக் கதைகளை வாசல்படியிலேயே முழுங்கிவிட்டுத்தான் உள்ளே போவேன்.

பக்கத்து வீட்டு மாமாவுக்கு ஒரு பெண் இருந்தாள். என் வயது, என் வகுப்பு, பக்கத்து செக்‌ஷன். அவளிடம் வேலை செய்யாத மைக் ஒன்று இருந்தது. வெள்ளி நிற வலைத்தலை ஒரு பக்கம் நசுங்கி, ஒயர் அறுந்த இடத்தில் சிவப்பு இன்சுலேஷன் டேப் சுற்றியது. அதைப் பிடித்துக்கொண்டு மொட்டைமாடியில் நின்று அறிவிப்புச் செய்வாள். "அன்பார்ந்த பொதுமக்களே! அடுத்த வீட்டில் இன்றைக்கும் உப்புமா! அடுத்த வீட்டில் இன்றைக்கும் யாரும் பேசவில்லை!" எனக்கு அழுகை அழுகையாக வரும். ஆனாலும் அந்த மைக்கை ஒரே ஒரு தடவை கையில் பிடித்துப் பார்க்க வேண்டும் போலவும் இருக்கும். கேட்டால், "ஒனக்கு எதுக்குடி? நீதான் பேசவே மாட்டியே" என்பாள்.

இதைவிடப் பெரிய பொறாமை ஒன்று உண்டு. சித்திரையில் வீரபாண்டித் திருவிழா முடிந்ததும் அவர்கள் குடும்பத்தோடு காணாமல் போவார்கள். பந்தல் துணி, ஜமுக்காளம், அண்டா, அரிசி எல்லாம் குட்டியானை வண்டியில் ஏறும். திரும்பி வரும்போது அவள் கறுத்துப்போயிருப்பாள். தலைமுடியில் விறகுப் புகை மணக்கும். பாவாடையில் கூழாங்கற்களை முடிந்துகொண்டு வந்து ஒவ்வொன்றாகக் காட்டுவாள், தரமாட்டாள்.

"எங்கடி போனீங்க?" என்று கேட்டால், "நல்ல எடம். அங்கன போனாத்தான் எங்கப்பா நிம்மதியாத் தூங்கும்" என்பாள்.

இதை நான் ஒரு நாள் வீட்டில் சொல்லிவிட்டேன். அப்பா பேப்பரை மடித்தார். அவர் பேப்பரை நடுவில் மடித்து நான் பார்த்ததே இல்லை.

"ஊரையே தூங்கவிடாதவரு நிம்மதியாத் தூங்குறதுக்கு எடம் வச்சிருக்காராமா?" என்றார்.

அந்த வருசம் அம்மாவுக்குத் தூக்கம் அறவே போயிருந்தது. காலையில் நெற்றியில் வெள்ளைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் அடுப்புப் பற்றவைப்பாள். எல்லாம் அந்தச் சுவரால் வருவது என்று அப்பா முடிவு கட்டிவிட்டார். பெரியகுளம் ரோட்டில் புதிதாகப் பிரித்த மனைகளுக்கு நடுவே ஒரு வீடு பார்த்து வைத்திருந்தார். சுற்றிலும் காலி மனை, வேலிகாத்தான் செடி, ஒரு பம்ப்செட். ஈ பறந்தால் கேட்கும். திருவிழா முடிந்ததும் லீவு போட்டு அம்மாவை எங்காவது அமைதியான இடத்துக்குக் கூட்டிப்போய்த் தூங்கவைப்பது, திரும்பி வந்ததும் வைகாசிக்குள் அந்த வீட்டில் பால் காய்ச்சிவிடுவது, இதுதான் அவர் திட்டம். "ஞாயித்துக்கெழமை வீட்டுக்காரர்ட்ட முடிவு சொல்லணும்" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா தலையாட்டினாள். எங்கள் வீட்டில் தலையாட்டினால் சரி என்றுதான் அர்த்தம்.

எனக்குப் போக மனமில்லை. அந்த மைக்குக்காரி மேல் எனக்கு அவ்வளவு எரிச்சல் இருந்ததே, போனால் நிம்மதிதானே? இல்லை. வேலிகாத்தான் செடியைப் பார்த்து எவளால் பொறாமைப்பட முடியும்?

மாமா கூப்பிடத்தான் செய்தார். அப்பா இரவல் வேன் ஒன்றைத் துடைப்பதைப் பார்த்துவிட்டு வாசலில் நின்றபடியே கத்தினார். "சார், எங்கயோ கெளம்புறீக போலருக்கே! எங்க கூடவே வந்துருங்களேன், நல்ல எடமிருக்கு!"

"இல்லங்க. நாங்க வேற எடம் பாத்துருக்கோம்" என்றார் அப்பா, மெதுவாக.

"என்ன சார்?"

"வேற எடம்!"

வேற இடம் எதுவும் பார்த்திருக்கவில்லை. அவர்களை முந்திக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே அவர்கள் கிளம்புவதற்கு முந்தின நாள் கிளம்பினோம். ஆபீஸ் நண்பர் ஒருவரின் பழைய ஆம்னி வேன். சாரணர் மாஸ்டர் ஒருவரிடம் இரவல் வாங்கிய பச்சை கேன்வாஸ் கூடாரம், மடித்த இடமெல்லாம் மண்ணெண்ணெய் நாற்றம். அப்பா ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மாட்டுவண்டிகளுக்கெல்லாம் வழிவிட்டுப் போனார்.

சின்னமனூரைத் தாண்டி மேகமலை ஏறுகிற ரோட்டில், அடிவாரத்தில் ஒரு தென்னந்தோப்பு. அதை ஒட்டி ஓடை. அந்த வருசம் மேலே கோடைமழை நன்றாகப் பெய்திருந்தது. வழவழப்பான ஒரு பாறையில் தண்ணீர் அகலமாகச் சறுக்கி, கீழே பள்ளத்தில் விழுந்து, நுரைத்து, இரைந்துகொண்டிருந்தது. நான் செருப்பைக் கழற்றிவிட்டேன். அம்மா கால் நனைத்து, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, "நல்லாருக்குல்ல?" என்றாள். அப்பாவுக்கு அது கேட்கவில்லை. அவர் கரையில் தலையைச் சாய்த்து நின்று, நாடி பார்ப்பவர் மாதிரி சத்தத்தைக் கவனித்துக்கொண்டிருந்தார்.

"ரைஸ்மில் மாதிரி இரையுது. இதுல எவன் தூங்குவான்? ஏறுங்க வண்டில" என்றார்.

அம்மா தலைப்பை இறக்கிவிட்டுக்கொண்டு ஏறினாள்.

வந்த வழியே திரும்பி, தேனியையும் தாண்டி, மயிலாடும்பாறைப் பக்கம் போனோம். அங்கே வெயிலில் வெந்து கிடந்த தரிசுக்காடு, தூரத்தில் மலை, ஒரு குருவிச் சத்தம்கூட இல்லை. அப்பாவின் முகம் விரிந்தது. நிலத்துக்குச் சொந்தக்காரரான காட்டுக்காரரிடம் கேட்டதற்கு, "தாராளமாப் போட்டுக்கங்க சார், காடு சும்மாதான கெடக்கு" என்றார். கூடாரம் அடித்தோம். கயிறு கட்டியதெல்லாம் நான்தான். முதன்முதலாக நான் அடித்த கூடாரம் அது, கோணல்மாணலாக நின்றது. அம்மா உள்ளே படுத்தாள்.

பொழுது சாயும்போது ரோட்டுப்பக்கம் புழுதி எழுந்தது. புழுதிக்குள்ளிருந்து மணிகள், பிறகு நாய்கள், பிறகு ஆடுகள். ஆடு என்றால் ஒன்றிரண்டல்ல, அந்தக் காடு நிறைய ஆடு. தரிசாகக் கிடக்கும் நிலத்துக்கு எரு வேண்டுமென்று காட்டுக்காரர்கள் ஆட்டுமந்தையை ராத்திரி தங்கவைப்பார்களே, அந்தக் கிடை. அன்றைக்கு எங்கள் காட்டின் முறை. மந்தையை நடத்திக்கொண்டு முன்னால் வந்த கீதாரி எங்கள் கூடாரத்தைச் சுற்றி வந்து பார்த்தார்.

"சாரும் கிடை போடத்தான் வந்தீகளா? ஆடெல்லாம் பின்னால வருதோ?" என்று கேட்டார்.

அப்பா கூடாரக் கயிற்றை இன்னும் இறுக்கினார். கீதாரி விடவில்லை. "இதென்ன, மனுசக் கிடையா இருக்கு!" என்று தன் ஆளிடம் கத்த, அந்த ஆள் அதை அடுத்த ஆளிடம் கத்த, மூன்று பேரும் காடு அதிரச் சிரித்தார்கள். குட்டிகள் தாயைத் தேடி விடிய விடியக் கத்தின. விடிந்ததும் ஆடுகள் ஓய்ந்தன, ஊரின் பெயரைக் காப்பாற்ற மயில்கள் ஆரம்பித்தன. அம்மாவின் நெற்றியில் துணி ஏறிவிட்டது.

அன்றைக்கு நான் என்ன நினைத்தேன் தெரியுமா? இன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் அவள் எங்கேயோ ஒரு நல்ல இடத்தில் கூழாங்கல் பொறுக்கிக்கொண்டிருப்பாள் என்று. வேறு நினைப்பே இல்லை. ஆட்டுப்புழுக்கையை மிதித்துக்கொண்டு நின்றபோதும் அதுதான்.

அடுத்தது, வேன் கொடுத்த நண்பரின் சொந்தக்காரருக்கு ஓடைப்பட்டிப் பக்கம் இருந்த திராட்சைத் தோட்டம். பந்தலுக்கு அடியில் பச்சை நிழல், குளிர்ந்த மண், தலைக்கு மேலே கொத்துக் கொத்தாகக் கறுப்புத் திராட்சை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது உச்சிவேளை, ஒரு சத்தமும் இல்லை. "இதுதான் எடம்" என்றார் அப்பா. கூடாரத்தைக்கூட விரிக்காமல் அம்மாவுக்குப் பாயை விரித்தார். அம்மா கண்ணை மூடினாள். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு விரல்நுனியில் நடந்தார்.

வெயில் தாழ்ந்ததும் கிளிகள் வந்தன. தோட்டக்காரர் ஓடிப்போய் ஒரு சுவிட்சைத் தட்டினார். பந்தலின் கல்தூணில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர் உறுமியது. முதலில் தகரம் தட்டும் சத்தம். பிறகு ஒரு ஆண்குரல்.

"ஹோய்! ஹோய்! ஏலே, போ அங்கிட்டு! ஹோய்!"

அப்பா அப்படியே நின்றுவிட்டார். அது பக்கத்து வீட்டு மாமாவின் குரல். நிமிர்ந்து பார்த்தேன், குழாயின் முதுகில் பச்சைக் கிளி. கிளி விரட்டுவதற்காக மாமாவே பேசிப் பதிவு செய்து கொடுத்த ரெக்கார்டு அது. அவர் கத்திக் கத்தி மூச்சு வாங்கும்போது, ரெக்கார்டின் கடைசியில், ஒரு சின்னக் குரல் கேட்டது.

"ப்பா, போதுமா?"

பிறகு மறுபடியும் தகரம், மறுபடியும் ஹோய், மறுபடியும் "ப்பா, போதுமா?"

அது அவள். அவள் குரல். இந்தப் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டங்களில் எல்லாம் அவள் பேசிக்கொண்டிருக்கிறாள். கிளிகளுக்குக்கூட அவளைத் தெரியும். எனக்கு வந்த பொறாமையில் தலைக்கு மேலே தொங்கிய கொத்தைப் பறித்து வாய்கொள்ளாமல் திணித்துக்கொண்டேன். மருந்தடித்த திராட்சை, கசந்தது.

அப்போது ஒரு சத்தம் கேட்டது. அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். பாயில் எழுந்து உட்கார்ந்து, நெற்றித்துணி நழுவி மூக்கில் விழ, வயிற்றைப் பிடித்துக்கொண்டு. ஒவ்வொரு தடவை "போதுமா?" வரும்போதும் அடக்கி அடக்கி, முடியாமல், மறுபடியும்.

"இதுல சிரிக்க என்ன இருக்கு?" என்றார் அப்பா.

அம்மா சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

"போதும். வீட்டுக்குப் போவோம். ஞாயித்துக்கெழமை வரைக்கும் எதுக்கு? போனதும் அந்த வீட்டுக்காரர்ட்டச் சொல்லிர்றேன்" என்றார்.

கிளம்பினோம். அடிவாரத்து ரோடு வழியாகச் சின்னமனூரைப் பார்த்து வேன் ஊர்ந்தது. நான் ஜன்னலில் முகத்தை வைத்திருந்தேன். தென்னைகளுக்கு நடுவே சிவப்பும் மஞ்சளுமாக ஏதோ படபடத்தது. கல்யாணப் பந்தல் துணி. அதன் பக்கத்தில் குட்டியானை வண்டி. முதல் நாள் நாங்கள் வேண்டாம் என்று விட்டுப்போன அதே தோப்பு, அதே ஓடை.

"அவுக!" என்று கத்தினேன்.

அப்பா ஆக்சிலேட்டரை மிதித்தார். வாழ்க்கையில் அவர் வேகமாகப் போக நினைத்தது அந்த ஒரு தடவைதான்.

"நிறுத்துங்க" என்றாள் அம்மா. வேன் நின்றது.

அத்தைதான் முதலில் பார்த்தாள். கையில் கரண்டியோடு பாறை மேல் ஏறி நின்று, "வாங்க மதினீ! வா ஆத்தா! ஏங்க, யாரு வந்துருக்காகன்னு பாருங்க!" என்று கூவினாள். ஓடையின் இரைச்சலில் அந்தக் குரல் எங்களுக்குச் சரியான அளவாக வந்து சேர்ந்தது. அல்லிநகரத்தில் அதே குரல் தெருவைத் தூக்கும். இங்கே அது சாதாரணமாகப் பேசுவது போலிருந்தது.

மாமா ஒரு பாறை இடுக்கில், தண்ணீர் விழும் இடத்துக்கு மிக அருகில், துண்டை விரித்து ஆழ்ந்த தூக்கத்தில் இருந்தார். வாய் திறந்திருந்தது. நுரைத்துளி முகத்தில் தெறித்துக்கொண்டிருந்தது. அவரை அவ்வளவு அமைதியாக நான் பார்த்ததில்லை.

"இவ்வளவு எரைச்சலுக்குள்ளயா தூங்குறாரு?" என்று அம்மா கேட்டாள். கத்தித்தான் கேட்க வேண்டியிருந்தது.

"எரைச்சல் இருந்தாத்தான் தூங்குவாரு மதினி!" என்றாள் அத்தை. "எடது காது கல்யாணத்துக்கு முன்னாடியே போச்சு, குழாயி பக்கத்துலயே நின்னு நின்னு. வலது காதுல எந்நேரமும் வண்டு கத்துற மாதிரி ஒரு சத்தம். ஊரு அடங்குச்சுன்னா வண்டு பெருசாயிரும், பைத்தியம் புடிச்ச மாதிரி எந்திரிச்சு ஒக்காந்துருவாக. அதுக்குத்தான் வீட்ல எதையாவது பாடவிட்டுக்கிட்டே இருக்கது. இங்கன வந்தா தண்ணிச் சத்தத்துல வண்டு அமுங்கிப்போகும். வருசத்துல இந்தக் கொஞ்ச நாளுதான் அவுகளுக்குத் தூக்கம்."

அப்பா இதைக் கேட்டாரா என்று திரும்பிப் பார்த்தேன். அவர் எங்கள் கேன்வாஸ் கூடாரத்தை வேனிலிருந்து இறக்குவதா வேண்டாமா என்று கையில் பிடித்தபடி நின்றிருந்தார்.

அம்மா ஜமுக்காளத்தில் சும்மா சாய்ந்தாள். சாய்ந்தவள் தூங்கிப்போனாள். அண்டாவில் சோறு கொதித்து வடிக்கும் வரைக்கும், நாங்கள் ரெண்டு பெண்களும் பாறையில் சறுக்கிச் சறுக்கிப் பாவாடை கிழியும் வரைக்கும் தூங்கினாள். எழுந்ததும் அந்தப் பெண்ணைப் பக்கத்தில் உட்காரவைத்து ஈரத்தலையைச் சிக்கெடுத்துப் பின்னிவிட்டாள். என்னை அல்ல, அவளை. "எந்த ரெக்கார்டுலடி பேசுன? சொல்லு, சொல்லு" என்று கேட்டுக் கேட்டுப் பின்னினாள். அவள் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். அந்தச் சடையை அறுத்து ஓடையில் விடலாம் போலிருந்தது எனக்கு.

சாப்பாட்டு நேரம். ரசமும் கருவாட்டுக் குழம்பும். அப்பா இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மாமா, தூங்கி எழுந்த தெளிவில். ஏதாவது பேச வேண்டுமே என்று அப்பா பேசினார். மாமாவின் ஒற்றைக் காதுக்கும் ஓடைக்கும் சேர்த்துக் குரலை உயர்த்த வேண்டியிருந்ததால் அது எல்லோருக்கும் கேட்டது.

"நாங்க வீடு மாத்துறோம்!"

மாமாவின் கை இலையில் நின்றது. "எங்க சார்?"

"பெரியகுளம் ரோட்டுல! அமைதியான ஏரியா!"

"எங்களாலயா சார்?"

அப்பா தண்ணீரைப் பார்த்தார். அத்தை குழம்புச் சட்டியை மூடினாள். அவள், அந்தப் பெண், கையிலிருந்த உருண்டையை இலையில் வைத்துவிட்டாள். அவளுக்கு அழுகை வருவதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அம்மா ஓடைக்கு அந்தப் பக்கம் நின்று கை கழுவிக்கொண்டிருந்தாள். ஏதோ சொன்னாள். வாய் அசைந்தது மட்டும் தெரிந்தது.

"என்ன?" என்றார் அப்பா.

அம்மா மறுபடியும் சொன்னாள்.

அப்பா காதில் கையை மடித்து வைத்தார். "கேக்கல!"

அம்மா நெற்றியிலிருந்த துணியை உருவினாள். "எனக்கு அந்த வீடு வேணாம்!"

மலை அந்தச் சத்தத்தை வாங்கித் திருப்பிக் கொடுத்தது. என் அம்மாவுக்கு அப்படி ஒரு குரல் இருந்ததே எனக்குத் தெரியாது.

"ஒனக்காகத்தான பாத்தேன்! தூக்கமே வரலன்னியே!" என்றார் அப்பா.

"தூக்கம் வராதது சத்தத்தால இல்ல! அவுக ரெண்டு பேரும் பேசிப் பேசிச் சிரிக்கிறாக! என்னத்தச் சொல்லி அப்படிச் சிரிக்கிறாகன்னு கேட்டுக்கிட்டே கெடக்கேன்! செவுத்துல பாதிதான் கேக்குது!"

அத்தை கரண்டியைக் கீழே வைத்தாள்.

"என்ன சொல்ற?" என்றார் அப்பா. உண்மையிலேயே கேட்கவில்லையா, கேட்காத மாதிரி இருந்தாரா, எனக்கு இன்றுவரை தெரியாது.

மாமா தொண்டையைச் செருமினார். "சார், ஒரு காது அவிஞ்சுபோன எனக்கே கேட்டுருச்சு. ஒங்களுக்கு ரெண்டு இருந்தும் கேக்கலையா?"

அத்தைக்குச் சிரிப்பு பீறிட்டது. அடக்கப் பார்த்துப் புரையேறியது. மாமா அவள் தலையில் தட்டினார். அப்பா எழுந்தார். சாப்பிட்ட கையோடு, வேட்டி நனைய, ஓடைக்குள் இறங்கி அம்மாவுக்குக் கையெட்டும் தூரம் போய் நின்றார்.

"கேட்டுச்சு! எல்லாம் கேட்டுச்சு!" என்று கத்தினார். "நான் மட்டும் தூங்குறேன்னா நெனச்ச?"

அம்மா அவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு அவர் முழங்கை வரை வழிந்த ரசத்தைப் பார்த்தாள். திராட்சைத் தோட்டத்தில் நிறுத்திய சிரிப்பு இருந்ததே, அது விட்ட இடத்திலிருந்து தொடங்கியது.

"அன்பார்ந்த பொதுமக்களே!" என்று என் காதுக்குள் ஒரு குரல். அவள்தான். இலையில் வைத்த உருண்டை மறுபடியும் வாய்க்குள் போயிருந்தது. "அடுத்த வீட்டுலயும் இப்பச் சத்தம் வருது!" இடுப்பில் செருகியிருந்த மைக்கை உருவி என் கையில் வைத்தாள். "ந்தா. வந்து ஏதாச்சும் சொல்லு."

நசுங்கிய வலைத்தலை, பிசுபிசுத்த சிவப்பு டேப். நான் நினைத்திருந்ததைவிட அது கனமாக இருந்தது. கொஞ்ச நேரம் பிடித்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

பெரியகுளம் ரோட்டு வீட்டில் வேறு யாரோ பால் காய்ச்சினார்கள். நாங்கள் அந்தச் சுவருக்கு இந்தப் பக்கமே இருந்தோம், என் வீட்டார் இன்னும் அங்கேதான். அப்பாவும் அம்மாவும் பேசிப் பழகினார்கள். வயசான பிறகு சைக்கிள் பழகுகிறவர்கள் மாதிரி, தடுமாறி, சில நாள் விழுந்து. எங்கள் வீட்டிலும் சண்டைகள் வந்தன. டம்ளர் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் அம்மா, "வாயத் தொறந்து கேளுங்க" என்றாள். அடுத்த சித்திரைக்கு அப்பாவே போய்க் குட்டியானையில் அண்டாவை ஏற்றினார். அந்த மைக் எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை. அந்த ஓடைக்கரையில் இப்போது கம்பிவேலியும் பெயர்ப்பலகையும் இருக்கின்றன என்று கேள்வி.

மாமா தொழிலை விட்டுவிட்டார். ஒயர்ச் சுருளெல்லாம் போய், வலது காதிலும் பாதிதான் மிச்சம். அதனால் அத்தையின் குரல் இன்னும் ஏறியிருக்கிறது. அவர்கள் பெண் போடியில் வாக்கப்பட்டு, வாரம் தவறாமல் அல்லிநகரத்துக்கு வருகிறாள், வந்தால் முதலில் எங்கள் வீட்டுக்குத்தான். நான் சென்னையில் இருக்கிறேன். இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் நாமெல்லாம் போய், இதுவரை போனதிலேயே அமைதியான இடம் இதுதான் என்று ஒருமனதாகச் சொன்னோமே, அந்த மலைமுகடு. சாயங்காலம் நீங்கள் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தபோது, சிக்னல் கிடைத்த ஒரு பாறை மேல் ஏறி அம்மாவைக் கூப்பிட்டேன்.

"அம்மா, இங்க ஒரு சத்தம்கூட இல்ல. எல உதுந்தாக் கேக்குது" என்றேன் பெருமையாக.

"அடப்பாவமே" என்றாள் அம்மா. "பேச ஆளே இல்லையா அங்கன?"

நான் பதில் சொல்வதற்குள் அந்தப் பக்கம் ஒரு கூச்சல். அத்தை சுவருக்கு அப்பாலிருந்து ஏதோ சொல்கிறாள். அப்பா ஏதோ சொல்கிறார். அத்தை மகளின் குரலும் நடுவே. பிறகு எல்லோருமாக, என் அம்மாவும் சேர்ந்து, போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டிய அளவுக்கு ஒரு சிரிப்பு.

"என்னம்மா? என்ன சொன்னாக?"

"ஐயோ... அது ஒண்ணுமில்லடி... ஒனக்குச் சொன்னாப் புரியாது. இரு, அப்புறம் பேசுறேன்."

வைத்துவிட்டாள்.

நீங்களெல்லாம் அன்றைக்கு நன்றாகத் தூங்கினோம் என்றீர்கள். அவ்வளவு அமைதியில் எனக்குத் தூக்கம் வரவில்லை. அவர்கள் என்னத்தைச் சொல்லி அப்படிச் சிரித்தார்கள் என்று கேட்டுக்கொண்டே கிடந்தேன்.